கறுப்புப் பக்கம்

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதனை அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு அடிக்கும் டம்ளரில் டீ லேசாக நடுங்கியது. வக்கீலம்மா அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்து வருஷக்கணக்காகியும் பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் அவளுடைய உதவியாளன். வாய் எப்போதும் கிலுகிலுத்துக்கொண்டே இருப்பதால் ஊர் அவனுக்கு வைத்த பெயர் சில்லறை.

"சார், உள்ளே துணி துவைக்கிறாங்களா?" என்றான் சில்லறை.

"உன் துணி இருந்தா குடு. சேத்துத் துவைக்கச் சொல்றேன்."

"வேண்டாம் சார். என்னோடது சாயம் போற ரகம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "இங்க பாருங்க. மாமனாரைப் பித்தளைச் சுத்தியலால அடிச்சுக் கொன்னிருக்கான். பூட்டு உடையல. போன வாரம் ரெண்டு பேரும் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுடுவான்."

"கைன்னு ஒண்ணு மிச்சமிருந்தா போடுவான்" என்றான் சில்லறை.

"ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"இல்ல. வாயே திறக்க மாட்டேங்குறான். செய்யலைன்னும் சொல்லல, செஞ்சேன்னும் சொல்லல."

அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று லேசாக உறுத்தியது. குற்றமற்றவர்கள் கத்துவார்கள் என்பது அவளுடைய அனுபவம். நான் இல்லை, நான் இல்லை என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மேஜையில் கிடந்த போட்டோவை எடுத்தாள்.

செத்தவரைத் தெருவில் எல்லோரும் பதக்கக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் சகோதர சங்கங்கள் இருந்தன. கொல்லனும் வியாபாரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் 'சகோதரரே' என்று கூப்பிட்டுக்கொள்ளும் சங்கங்கள். அவை கலைந்து போனபின் மிஞ்சிய மெடல், பேட்ஜ், தோளில் அணியும் பட்டை, சடங்கு வாள் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். அப்படிச் சேர்த்த ஒரு சுத்தியலாலேயே, சபையில் அமைதி வேண்டித் தலைவர் தட்டுகிற சுத்தியலாலேயே, அவர் மண்டையைப் பிளந்திருந்தார்கள். போட்டோவில் ஒரு பக்க முகம் முகமாகவே இல்லை. ஆனால் சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காக இருந்தன. நெஞ்சில் பட்டு ரிப்பன் பேட்ஜ் நேராகத் தொங்கியது. கறுப்பு நிறம், வெள்ளி எழுத்து.

"இந்த பேட்ஜைக் கொஞ்சம் காட்டுங்க."

பிளாஸ்டிக் உறையில் இருந்ததை இன்ஸ்பெக்டர் நகர்த்தினார். வக்கீலம்மா உறையோடு அதைப் புரட்டினாள். பின்பக்கம் சிவப்புப் பட்டு, தங்க எழுத்து. 'அன்பு, நம்பிக்கை, ஐக்கியம்.' அந்தச் சிவப்பின் மேல் காய்ந்த ரத்தம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"அவர் தினமும் குத்திக்கிறது சிவப்புப் பக்கம். செத்தப்ப கறுப்பு வெளியில இருக்கு."

"அடி விழும்போது திரும்பியிருக்கும்."

"அப்படித் திரும்பியிருந்தா கறுப்பு மேலயும் ரத்தம் தெறிச்சிருக்கணும் சார். இது சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கு. ரத்தம் எல்லாம் உள்பக்கம். அடிச்சு முடிச்ச அப்புறம் யாரோ குனிஞ்சு, ஊக்கைக் கழட்டி, திருப்பிப் போட்டு, சட்டையில இருந்த பழைய ஓட்டையிலயே மறுபடி குத்தியிருக்காங்க. புது ஓட்டை ஒண்ணு கூட இல்ல."

"மண்டையை உடைச்சுட்டு நெஞ்சுல அலங்காரமா? யாரு பண்ணுவா?"

"சிவப்பு கூட்டத்துக்கு, கறுப்பு சாவுக்குன்னு தெரிஞ்சவங்க. காலையில அவர் பொண்ணு சொன்னா. சிநேகிதங்க யாராவது செத்தா, அப்பா அதைத் திருப்பிக் குத்திப்பார்னு. உள்ளே அடி வாங்குறாரே அவ புருஷன், அவருக்கு இந்த மெடல் எல்லாம் வெறும் தகரமாம். எது முன்பக்கம், எது பின்பக்கம்னு கூடத் தெரியாதாம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இந்த ஊர்ல இதைச் சேக்கிறவர் இன்னொருத்தர்தான். பல் டாக்டர்."

இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டின் கடைசித் துண்டு டீக்குள் விழுந்து மூழ்குவதைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் நேரம் தரேன். அந்த வீட்டைக் கூட கழுவிக்கச் சொல்லிட்டேன். எனக்கு இந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு வக்கீலம்மா. உங்களுக்காகத்தான்."

வெளியே போகும் வழியில் கம்பிக் கதவு இருந்தது. உள்ளே லாரி மெக்கானிக்கான அந்த மருமகன் சுவரில் சாய்ந்து கிடந்தான். ஒரு கண் முழுக்க மூடிப் போயிருந்தது. சில விரல்களில் நகம் இல்லை. வக்கீலம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"உன் பொண்டாட்டிதான் என்னை அனுப்பினா. நீ செஞ்சியா?"

அவன் ரத்தத்தைக் கூட்டித் துப்பினான். "அவ சாப்பிட்டாளா?"

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு."

"அவளை இங்க வர விடாதீங்க மேடம்." அவ்வளவுதான். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

*

பல் டாக்டரின் அறையில் கிராம்பு எண்ணெய் வாசனையும் உருகின உலோகத்தின் வாசனையும் கலந்து அடித்தது. சுவர் முழுக்க வெல்வெட் பலகைகள், அவற்றில் நட்சத்திரம், சாவி, திறந்த கண், கைகுலுக்கும் இரு கைகள் என்று மெடல்கள். டாக்டர் உருண்டையாக, சின்னதாக, பிரியமாக இருந்தார். பல் செட் செய்கிற அவருடைய ஆள் மட்டும் கதவையே மறைக்கிற அளவுக்கு இருந்தான்.

சில்லறை நோயாளி நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டான். "டாக்டர், எனக்கு நாக்குலதான் பிரச்சினை. பிடுங்க முடியுமா?"

"அதைப் பிடுங்கினா நீ மிஞ்ச மாட்டே" என்றாள் வக்கீலம்மா. பிறகு டாக்டரிடம், "உங்க சிநேகிதரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"சிநேகிதர்னு சொல்லாதீங்கம்மா. சகோதரர்." டாக்டரின் கண் உண்மையாகவே கலங்கியது. அதே நேரம் நெற்றியில் வேர்வை பூத்தது. துக்கத்துக்கு யாருக்கும் நெற்றி வேர்ப்பதை அவள் பார்த்ததில்லை. "போன வாரம் ஒரு மெடல் வாங்க வந்தார். அபூர்வமானது. நான்தான் அவருக்காகத் தேடிப் பிடிச்சுக் குடுத்தேன்."

"ரொம்பப் பழசோ?"

"ரொம்ப ரொம்ப."

பின்னறைப் பக்கம் கையை நீட்டியிருந்த சில்லறை வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டான். தட்டில் ஒரு நட்சத்திர மெடல் இருந்தது. "ஸ்ஸ்... டாக்டர், உங்க ரொம்பப் பழைய மெடல் இன்னும் சுடுது."

பல்லுக்கு மூடி வார்க்கிற அடுப்பு பின்னறையில் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மெழுகில் செய்த நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன.

டாக்டர் தன் ஆளைப் பார்த்தார். அது போதுமாயிருந்தது.

அந்த ஆள் சில்லறையின் தலைமுடியைப் பிடித்து, எச்சில் துப்பும் பீங்கான் கிண்ணத்தின் விளிம்பில் மோதினான். கிண்ணம் உடைந்தது. சில்லறை கீழே சரிந்தபடியே, துளைக்கிற கருவியின் கால் பொத்தானை மிதித்து, கையில் கிடைத்த முனையை அவன் தொடையில் இறக்கினான். அந்தப் பெரிய உடம்பிலிருந்து வந்த அலறல் கீச்சென்று சின்னக் குழந்தையின் அலறல் போல இருந்தது.

டாக்டர் சுவரிலிருந்து சடங்கு வாளை உருவியிருந்தார். கூர் இல்லாத வாள்தான். ஆனால் முனை இருந்தது. அது வக்கீலம்மாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலை உரித்துக்கொண்டு போனது. வலி வருவதற்குள் அவள் கை சுவரோரம் சாத்தியிருந்த பித்தளைத் தலைக் கம்பைப் பிடித்துவிட்டது. ஊர்வலத்தில் முன்னால் தூக்கிப் போகிற கம்பு. முதல் அடி முழங்காலில். டாக்டர் மடங்கினார். அடுத்தது தோளில். வாள் விழுந்து உருண்டது. அதற்கடுத்தது வாயில்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். வாள் கீழே கிடந்தது, மனிதர் கீழே கிடந்தார். ஆனால் கம்பு மறுபடி மேலே போனது. அதன் கனம் மேலே போகும்போது இனிப்பாக இருந்தது. அவளுக்குள் யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்பது போல, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அவளே கேட்க வேண்டும் போல.

"அக்கா! அக்கா, போதும்!" சில்லறை அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தான். நெற்றி ரத்தம் அவன் கண்ணுக்குள் வழிந்தது. "பல் டாக்டருக்கே பல் கட்ட வெச்சுட்டீங்க. இதுக்கு மேல கட்டுறதுக்கு அவர்கிட்ட இடம் இல்ல."

அவள் கம்பைக் கீழே வைத்தாள். கை நடுங்கியது. பயத்தில் இல்லை. பாதியில் நிறுத்தப்பட்டதில். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

டாக்டர் தரையில் உட்கார்ந்து, உடைந்த பல்லை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அழுதார். "போலி பண்ணேன். ஒத்துக்கறேன். அவருக்கும் போலியைத்தான் வித்தேன். கண்டுபிடிச்சு உங்களை அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். ஆனா கொல்லலம்மா. என் சகோதரரை நான் கொல்வேனா?"

"சகோதரருக்குப் போலியை வித்தீங்க."

"வித்தேன். ஆனா துக்கம் நிஜம்." அவர் வெள்ளைக் கோட்டை விலக்கினார். உள்ளே சட்டையில், இதயத்துக்கு மேலே, அதே ரிப்பன் பேட்ஜ். கறுப்புப் பக்கம் வெளியே.

வக்கீலம்மா போட்டோவை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். உடைந்த முகத்தைப் பார்த்ததும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் திறந்தார். திறந்த கண்ணில் துக்கம் போய் வேறொன்று வந்தது. கோபம்.

"யாரு இந்தக் கிறுக்குத்தனம் பண்ணது?"

"எது?"

"இதும்மா, இது! கறுப்பை யாரு வெளியில வெச்சது? கறுப்பு இருக்கிறவனுக்கு. அழறவனுக்கு. போறவனுக்குச் சிவப்புதான். துக்கத்தோட அவனை அனுப்பக் கூடாது, கூட்டத்துக்குப் போற மாதிரி அனுப்பணும். தன் சாவுக்குத் தானே எவனாவது துக்கம் காப்பானா? நாங்க யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டோம்." ரத்தம் தெறிக்கத் தெறிக்கப் பேசினார். "இது உள்ள இருந்தவன் வேலை இல்லம்மா. வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தவங்க வேலை. கறுப்புன்னா சாவுன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. யாரோட கறுப்புன்னு தெரியல."



சிவப்பு கூட்டத்துக்கு, கறுப்பு சாவுக்கு. காலையில் அந்த வாக்கியம் எந்த வாயிலிருந்து வந்தது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். பேச்சு முழுக்க செத்தவரை 'அவர்' என்றே சொன்ன ஒரு பெண், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் மட்டும் 'அப்பா' என்றாள்.

"அக்கா" என்றான் சில்லறை படியிறங்கும்போது, மெதுவாக. "நமக்குக் காசு குடுக்கிறவங்களையே பிடிச்சுக் குடுக்கிறது தொழிலுக்கு நல்லதில்ல."

"அவன் உள்ளே செத்துக்கிட்டிருக்கான்டா."

"அதான் வேகமா நடக்கறேன்."

*

பதக்கக்காரரின் மகள் முழங்காலிட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள் அவள். அந்த வேலையின் பொறுமையோடு, வட்டம் வட்டமாக, ஒரே இடத்தைத் தேய்த்தாள். வாளித் தண்ணீர் பழுப்பாக இருந்தது. சுவரில் உயரத்தில் தெறித்திருந்தவற்றை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தாள். வலது கையை அவளால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

வக்கீலம்மா வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பல் டாக்டர் இல்லம்மா."

கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

"செத்தவங்களுக்குக் கறுப்பு கிடையாதாம். சிவப்பாம்."

"அப்படியா?" என்றாள் மகள். துணியை வாளியில் முக்கி எடுத்து, "எனக்கு யார் சொல்லித் தந்தா? அறைக்குள்ள விட்டதே இல்ல. கதவிடுக்குல பாத்ததுதான்" என்றாள்.

"தோள்ல என்ன?"

அவள் ஈரத் துணியைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள். "அம்மா போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது மேடம். சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துல புது மெடலை வெச்சிருந்தார். போட்டோ எங்கன்னு கேட்டேன். குப்பையில பாருன்னார். பாவின்னு சொல்லிட்டேன். இத்தனை வருஷத்துல முதல் தடவை எதிர்த்துப் பேசினேன். அந்தச் சுத்தியலை எடுத்துத் தோள்ல போட்டார். இன்னொண்ணு போட ஓங்கினார். பிடுங்கிட்டேன்."

"அப்புறம்?"

"முதல் அடி கோபத்துல. அதுக்கப்புறம் விழுந்ததெல்லாம் எதுல விழுந்துதுன்னு எனக்கே தெரியல."

வக்கீலம்மாவுக்குத் தெரிந்தது. கட்டுப் போட்ட தன் கையை அவள் பார்க்கவில்லை. தன் இடுப்பைப் பிடித்து இழுக்க ஒருவன் இருந்தான், இவளுக்கு இல்லை. இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

"என் புருஷன் என்னைத் தேடிக்கிட்டு வந்தார். பாத்தார். போய்க் குளி, வாயைத் திறக்காதேன்னார். நான் போறதுக்கு முன்னாடி... கிடந்தார் மேடம். எப்படியிருந்தாலும் அப்பா. அவருக்காகத் திருப்பிக் குத்திக்க ஒருத்தரும் இல்லையேன்னு பட்டுது. அவரோடதை நானே திருப்பிக் குத்திட்டேன்."

"அதையே எங்கிட்ட சொன்னியே."

"சொன்னா பல் டாக்டரைப் பிடிப்பாங்க, இவரை விட்டுடுவாங்கன்னு கணக்குப் போட்டேன். பாவம் அந்த டாக்டர்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அப்படியும் சொன்னேன்." முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இவரை இன்னும் அடிக்கிறாங்களா?"

வக்கீலம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நகத்தைப் பிடுங்கியிருக்காங்க."

மகள் துணியை வாளிக்குள் போட்டாள். எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே போகிற எந்தப் பெண்ணையும் போல முடியைச் சரி செய்துகொண்டாள்.

"கேளு" என்றாள் வக்கீலம்மா. "முதல்ல அடிச்சது அவர். அந்தத் தோளை டாக்டர் பாத்துப் பதிவு பண்ணட்டும், வீக்கம் வடியறதுக்கு முன்னாடி. நான் கோர்ட்டுல நிக்கறேன்."

"கோட்டு பீரோவுலதான் இருக்குக்கா" என்றான் வாசலில் இருந்து சில்லறை. "பூச்சி எவ்வளவு விட்டு வெச்சிருக்குன்னு பாக்கணும்."

*

அவர்கள் நுழைந்தபோது மருமகனை மேஜைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். பேனாவைப் பிடிக்க விரல் வளையவில்லை. ஒரு கான்ஸ்டபிள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பேனாவைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். அவன் தடுக்கவில்லை. ஒத்துழைப்பவனைப் போலக் கையைத் தளர்த்திக் கொடுத்திருந்தான்.

மனைவியைப் பார்த்ததும் அந்த ஒற்றைக் கண் விரிந்தது.

"அவ என்ன சொன்னாலும் பொய் சார்" என்றான் அவசரமாக. வந்ததிலிருந்து போலீஸிடம் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. "நான்தான் அடிச்சேன். எழுதிக்குங்க. நான்தான்."

இன்ஸ்பெக்டர் வக்கீலம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "கேட்டீங்களா? சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னேன்ல."

மகள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கணவனின் விரல்களைப் பேனாவிலிருந்து பிரித்தாள். நகம் இல்லாத விரல்களைத் தொடாமல், இருப்பவற்றை மட்டும் தொட்டு. பேனா உருண்டு தரையில் விழுந்தது. பிறகு ரவிக்கையைத் தோளிலிருந்து இழுத்து இறக்கினாள். கழுத்திலிருந்து கை வரை தோல் கன்றிக் கருநீலமாக வீங்கியிருந்தது. நடுவில், சுத்தியலின் முகம் அப்படியே வட்டமாகப் பதிந்திருந்தது.

கான்ஸ்டபிள் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். இன்ஸ்பெக்டரின் புன்னகை எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"நீ ஏன் வந்தே?" என்றான் கணவன். "நான் தாங்கிப்பேன்னு சொன்னேன்ல?"

"சின்ன வயசுல எனக்கு விழவேண்டியதை எல்லாம் எங்கம்மா நடுவுல வந்து வாங்கிக்கிட்டா." அவள் குரல் உயரவில்லை. "வாங்கி வாங்கியே போய்ச் சேந்துட்டா. என்னால இன்னொருத்தரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுங்க. இனிமே என்னோடதை நானே வாங்கிக்கறேன்."

அடிக்குச் சத்தம் போடாத, நகம் போனபோதும் வாய் திறக்காத அந்த மனிதன், மேஜை மேல் தலையைக் கவிழ்த்து, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதான்.